டெய்லர் அளந்த வில்

இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்லுக்கு ஆர்டர் கொடுக்கும் படிவத்தில், ஏழாம் விதி தெளிவாக இருக்கிறது: வாங்குபவரின் கையளவை வில் விற்பனையாளரே எடுக்க வேண்டும்.

எங்கள் அர்பாப் - முப்பது வருடம் எனக்குச் சம்பளம் தந்த அரபு முதலாளி - சத்வாவில் தனக்குக் கந்தூரா என்ற நீள அங்கி தைக்கும் டெய்லரைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னார். படிவத்தை நிரப்பி அனுப்பியது யார்? ரிட்டயரான பிறகும் அவருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் நான்தான்.

வில் வந்தது. புது மாடல். புதருக்குள் தூக்கிப் போக வசதியாகக் குட்டை; அதனாலேயே கொஞ்சம் ஆடும். நாண் கைப்பிடிக்கு நெருக்கம். அதனால் அம்பு பறக்கும்... கை நடுங்கினால் அந்த நடுக்கமும் சேர்ந்து பறக்கும். இதை விளம்பரத்தில் யார் போடுவார்கள்?

அல் கூஸ் ஒர்க்‌ஷாப்பின் பின்புறம் அர்பாப் எய்து பார்த்தார். பலகை முழுக்க அம்புகள் சிதறின. நாண் பட்டு முன்கை சிவந்தது. அடுத்த மாதம் ஆப்பிரிக்காவில் வேட்டை. லேத் ஆப்பரேட்டர் சேவியரைக் கூப்பிட்டு, "முதலில் இதைச் சரி செய். பிறகு லீவு" என்றார்.

மே 6 அன்று ஊரில் சேவியரின் மகளுக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். டிக்கெட் போட்டாயிற்று. பாஸ்போர்ட் அர்பாப்பின் மேஜையில்.

சேவியர் அர்பாப்பின் கையை அளந்தார். படிவத்தைப் பார்த்தார். சிரித்தார்.

"அண்ணாச்சி, டெய்லரு ஒரு கைக்கு ரெண்டு இஞ்சு லூஸு சேத்துல்லா எழுதியிருக்கான். சட்டைக்குக் கொள்ளாம். இங்க அந்தக் கணக்குல நாணு இழுக்குற தூரம் ஒன்றரை இஞ்சு கூடிப்போச்சு."

"குறைக்க முடியுமா?"

"சக்கரத்துல ஒரு துண்டை மாத்துனா போதும். பெட்டியிலயே இருக்கு. ஸ்பீடுதான் கொஞ்சம் குறையும்."

கையேடு என்ன சொல்கிறது? தயாரிப்பாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் மாற்றினால் வாரண்டி போய்விடும். அன்றே ஈமெயில் அனுப்பினேன். இரண்டு நினைவூட்டல்களும் அனுப்பினேன். பதில் இல்லை.

அர்பாப்போ வேகத்தை விடுவதாக இல்லை. "ஸ்பீட் கம்? மாஃபி." அதாவது, குறைக்கும் பேச்சே கிடையாது.

மே 3 வந்துவிட்டது. "அனுமதி வரட்டுமே" என்றேன்.

"உங்க ஈமெயிலுக்காவ பங்குச்சாமி பூசையத் தள்ளி வைப்பாரா, அண்ணாச்சி?"

சேவியர் நேராக அர்பாப்பிடம் போனார். தன் ஒர்க்‌ஷாப் இந்தியில் சொன்னார்: "அர்பாப், மான் ஸ்பீடு மீட்டர் பார்க்காது."

அர்பாப் சிரித்துவிட்டார். தலையசைத்தார். அரை மணி நேர வேலை. அடுத்த மூன்று அம்புகளையும் ஓர் உள்ளங்கையால் மூடிவிடலாம்.

"கலாஸ். யல்லா, ஊருக்குப் போ." பாஸ்போர்ட் கை மாறியது.

விதியை மீறி நடந்து, எனக்குத் துளியும் வருத்தம் தராத காரியம் என் சர்வீசிலேயே இது ஒன்றுதான். வெள்ளை கவுனில் சேவியரின் மகள் நிற்கும் போட்டோ வந்துவிட்டது. அர்பாப்பும் வில்லோடு விமானம் ஏறிவிட்டார்.

தாராளமாக மாற்றிக்கொள்ளலாம் என்று தயாரிப்பாளரின் பதிலும் வந்தது - மே 21 அன்று.