தறிக்குழித் தண்ணீர்

முழங்கையைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கிறாள் பூவம்மாள், பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டப் போகிறவள் போல. சில்லென்றிருந்தால் இன்னொரு தவலை வெந்நீர் சேரும். "கெயவிங்க முழுகறாங்கோ. வெடவெடன்னு நின்னா ஜெபம் எங்க ஏறும்?" என்பாள். பாஸ்டர் சிரிப்பதைக் கண்டுகொள்ள மாட்டாள்.

சின்ன காஞ்சிபுரத்தின் அந்தச் சிறிய பாப்டிஸ்ட் சபை முன்பு ஒரு நெசவாளியின் வீடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் அதை வாங்கியபோது, நெய்பவர் கால்விட்டு உட்காரும் தறிக்குழியைத் தூர்க்காமல், ஆழமாக வெட்டி, சிமெண்டு பூசி, முழுக்கு ஞானஸ்நானத் தொட்டியாக்கினார்கள். மற்ற நாட்களில் அதன்மேல் பலகை, பலகைமேல் பிரசங்கம். வார நாட்களில் தெருப் பிள்ளைகள் அங்கேதான் வரிசையாக உட்காருவார்கள். பால் பவுடரைக் கரைத்து ஊற்றுவதும் பூவம்மாள்தான்.

ஆனால் அவள் இன்னும் முழுக்கு எடுக்கவில்லை. எடுக்காதவர்களுக்குத் திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் கிடையாது. தட்டு தன் வரிசைக்கு வரும்போது கையை மடியில் வைத்துக்கொள்வாள். முடிந்ததும் ரசம் குடித்த சின்னக் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்ப்பாள்.

காரணம் கணவர் வீராசாமி. கூலிக்குப் பட்டு நெய்பவர். நெய்த பட்டின்மேல் போர்த்தும் வெள்ளைத் துணியை அவளைக்கூடத் தொடவிடாதவர். "சபைக்குப் போ, வாணாங்கல. முழுகாத. அப்பால நீ வேற, நான் வேற" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஞானஸ்நான ஞாயிறுகளில் வீடு திரும்பியதும், கொண்டையை அவிழ்த்துத் தறிக்கு முன்னால் குனிவாள். அவர் உச்சியைத் தொட்டுப் பார்ப்பார். காய்ந்திருக்கும். "சோறு போடு" என்பார்.

"ஆசையில்லையாம்மா?" என்றார் பாஸ்டர்.

"வவுறு நெறைய கெடக்குது பாஸ்டரய்யா. அந்தாள ஏமாத்திட்டு முழுகுனா ஆண்டவருக்கே அடுக்காது."

போன ஞாயிறு முழுக்கு எடுக்க வந்த கமலாட்சி, படியில் வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தாள். பூவம்மாள் சேலையோடு குதித்துத் தூக்கினாள். உச்சியிலிருந்து சொட்டச் சொட்ட ஏறியவளைப் பார்த்து, "உனக்கும் முழுக்கு ஆயிடுச்சிமா!" என்று யாரோ சிரித்தார்கள்.

"வாயக் கயுவு. இது வுழுந்தவள எடுத்த கணக்கு."

வீட்டில், வழக்கம்போலக் கொண்டையை அவிழ்த்துக் குனிந்தாள். தறி நின்றது. உச்சியைத் தொட்ட அவர் கை நனைந்தது.

"முழுகிட்டியா?"

"ஒரு பொண்ணு வுழுந்துட்சி, தூக்குனன்யா. நீ சொல்லாம முழுகுவனா?"

"நனைஞ்சிக்கினு வந்தும் குனியறியே." சற்று நேரம் அவர் கை உச்சியிலேயே இருந்தது. "அடுத்த முழுக்கு எப்போ?"

"ஈஸ்டருக்கு."

"பாஸ்டராண்ட சொல்லு, நீ முழுகு. நானும் வர்றன்."

வீராசாமி குழியிலிருந்து எழுந்தார். பட்டின்மேல் கிடந்த வெள்ளைத் துணியை உருவி, அவள் தலையைத் துவட்டத் தொடங்கினார்.