பதினொரு நாள் வளர்த்தோம்

எங்கள் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள், என் முழங்கை நீளம்கூட இல்லாமல் கிடந்தாள்.

ஐந்தாம் நாள் டாக்டர், "நெஞ்சோட ஒட்ட வச்சுக்குங்க. அந்தச் சூடுதான் மருந்து" என்றார். எனக்குத் தையல் வலி. அதனால் என் கணவர் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். வயல் வெயிலில் கறுத்த மார்பு அது. மணிக்கணக்கில் அசைய மாட்டார்.

"கால் மரத்துப் போகலையா?"

"பேசாத. தூங்குறா."

பதினோராம் நாள் காலை அந்த மார்பிலேயே அவள் மூச்சு நின்றது. அவருக்குத் தெரியவில்லை. நர்ஸ் வந்து தூக்கியபோதுகூட, "மெதுவாங்க, முழிச்சுக்கப் போறா" என்றார்.

ஒரு மாத விடுப்பு முடிந்து, திருவாரூர் பக்கம் நான் ஆங்கிலம் நடத்தும் பள்ளிக்குப் போனேன். அன்றைய பாடத்தில் 'நர்ச்சர்' என்று ஒரு சொல். 'பேணி வளர்ப்பது' என்று கரும்பலகையில் பொருள் எழுதினேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"குரோன்னாலும் வளர்றதுதானே மிஸ்?"

"குரோ, அது பாட்டுக்கு வளர்றது. நர்ச்சர், இன்னொருத்தர் பக்கத்துல இருந்து பார்த்துப் பார்த்து வளர்க்கிறது."

"அப்ப நர்ச்சர் பண்ணினா கண்டிப்பா குரோ ஆயிடும்ல மிஸ்?"

வகுப்பே என்னைப் பார்த்தது. அந்தச் சொல்லில் அப்படி எந்த உறுதியும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "ஆகும்" என்றேன். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். அடுத்து அந்தச் சொல்லை இறந்த காலத்தில் வைத்து வாக்கியம் அமைக்க வேண்டும். பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

மாலையில் வயலுக்குப் போனேன். அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். பிரசவத்துக்கு முன்பு விட்ட நாற்று, பறிக்க ஆளில்லாமல் உயர்ந்து சாய்ந்து கிடந்தது.

"முத்திப் போச்சு. இனி நட்டாலும் தூர் கட்டாது, கிளைச்சு வராது" என்றார்.

"மாட்டுக்காவது அறுத்துப் போடலாமே?"

"அதுக்கும் கை வரமாட்டேங்குது."

மாணவி கேட்டதைச் சொன்னேன்.

"நீ என்ன சொன்ன?"

"ஆகும்னு சொன்னேன்."

சாய்ந்து கிடந்த ஒரு நாற்றை நிமிர்த்திவிட்டார். "பொய்தான். ஆனா சின்னப் புள்ளைங்ககிட்ட வேற என்னத்தச் சொல்ல முடியும்?" என்றார்.

சுற்றிலும் எல்லோரும் நடவை முடித்துவிட்டார்கள். அந்தப் போகம் நாங்கள் நடவில்லை.