வெளியூர்க்காரிக்கு ஒரு நூலக அட்டை

1. கவுண்டருக்கு யாரும் வராத நாள்

இணையத்தில் மின்நூலும் ஒலிநூலும் இரவல் கொடுக்கத் தொடங்கிய முதல் நாள், எங்கள் நூலகக் கவுண்டருக்கு ஒருவர்கூட வரவில்லை. எல்லாரும் தொலைபேசியில் வந்தார்கள். இறக்கிய கோப்பு திறக்கவில்லை என்று ஒருவர் சண்டை பிடித்தார். புத்தகத்தை எப்படித் திருப்பிக் கொண்டுவருவது என்று ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மூன்று தரம் கேட்டார். கொண்டுவரத் தேவையில்லை, தவணை முடிந்தால் அது தானாகவே பூட்டிக்கொள்ளும் என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டது.

இரண்டாயிரத்துகளின் கடைசிப் பகுதி அது. ஜேர்மனியில், டுசல்டோர்ஃபிலிருந்து எஸ்-பான் ரயிலில் போகக்கூடிய ஒரு நகரம். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்ட பிறகு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து, அந்த நூலகத்தில் உறுப்பினர் அட்டை கொடுக்கும் மேசையில் உட்கார்ந்தவள் நான்.

தாள் புத்தகம் என்றால் பக்கத்து ஊர்க்காரரும் கூடுதல் கட்டணம் கட்டி எடுக்கலாம். இணைய இரவலுக்கு மட்டும் கதவு சாத்தியிருந்தது. உரிமங்களை நகரம் வாங்கியது, ஆகவே நகரத்து ஆட்களுக்குத்தான் என்றார்கள். சுற்றியிருந்த கிராமங்களிலோ நூலகம் என்பது தேவாலய மண்டபத்தில் ஓர் அலுமாரி. வெளியூர் ஆட்களுக்கு ஏலாது என்று சொல்வதே அந்த மாதம் எனக்கு முழுநேர வேலையாகிவிட்டது.

2. மச்சாளின் அட்டை

ஒரு வியாழன் பின்னேரம் ஜெசிந்தா வந்தார். மன்னார் ஆள். வயல்களுக்கு நடுவிலுள்ள ஒரு கிராமத்தில் குடியிருந்தார். அங்கேயே ஒரு முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கிற வேலை. சனிக்கிழமைகளில் எங்கள் நகரத்துத் தமிழ்ப் பள்ளியில் என் மகளுக்குப் படிப்பிப்பவரும் அவர்தான். அதனால் நானும் அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவேன்.

"அக்கா, இது என்ர மச்சாள்ட கார்ட். ஜேர்மன் பாடம் ஒண்டும் இறக்க ஏலாமக் கிடக்கு. ஒருக்காப் பாருங்கோ."

பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மச்சாளின் பிள்ளைகள் குதிரைக் கதை, துப்பறியும் கதை என்று அள்ளி, அந்த அட்டையில் எடுக்கக்கூடிய அளவு முழுவதையும் நிரப்பியிருந்தார்கள். எங்கள் ஆட்களிடம் இடியப்ப உரல் வீடு வீடாகப் போகிற மாதிரி நூலக அட்டையும் போகும். உரலைத் திருப்பிக் கேட்டு வாங்கலாம். அந்த நாட்களில் இந்தக் கோப்புகளை முன்கூட்டித் திருப்பிக் கொடுக்க வழியே இல்லை.

"ரீச்சர், மற்ற ஆளின்ர கார்ட்டில நான் கைவைக்க ஏலாது. அப்பிடி என்ன அவசரம்?"

"பே-ஐன்ஸ் ஜேர்மன் சோதினை திரும்ப எடுக்கப்போறன் அக்கா. வாசிக்கிறது, எழுதிறது பிரச்சினையில்லை. கேட்டு விளங்கிறதிலதான் விழுந்தனான். இந்த முறை பாஸ் பண்ணினா பராமரிப்பு வேலைக்கு அவுஸ்பில்டுங் தாறனெண்டு எங்கட பொறுப்பாளர் சொல்லிப்போட்டா. இல்லாட்டி இடம் வேற ஆளுக்குப் போயிடும். மெஷின் ஓடேக்க காதில போட்டுக் கேக்கலாமெண்டு பாத்தன்."

தோய்க்கிற அறையில் அவர் தனி ஆள். வீட்டில் தமிழ். பிறகு எங்கிருந்து காது பழகும்? ஆனாலும் விதி விதிதான் என்று வாயைத் திறந்தேன்.

3. "நைன்!"

பக்கத்து மேசையில் என் மேலதிகாரி, பிரிங்க்மன் அம்மையார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் காது கூர்மை.

"ஏன் இவரை டீச்சர் என்று கூப்பிடுகிறீர்கள்?" என்று என்னிடம் ஜேர்மனில் கேட்டார்.

நான் பதில் சொல்லுமுன் விதிமுறைத் தாளை எடுத்து விரலை ஓட்டினார். நகரத்தில் குடியிருப்பவர், அல்லது இங்கே வேலை செய்பவர், படிப்பவர், கற்பிப்பவர். நிமிர்ந்து ஜெசிந்தாவிடம், "நீங்கள் இங்கே கற்பிக்கிறீர்களா?" என்றார்.

"நைன்! நைன்! இல்லை, நான் ஒன்றும் செய்வதில்லை" என்று ஜெசிந்தா பதறினார். கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பியும் விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"ஏன் ரீச்சர் இல்லையெண்டு சொல்லுறியள்? ஒவ்வொரு சனியும் என்ர பிள்ளைக்குப் படிப்பிக்கிறது ஆர்?"

"சத்தம் போடாதேங்கோ அக்கா. பதியாம வேலை செய்யிறனெண்டு எழுதிப்போட்டா? பிறகு விசாவிலயெல்லோ கைவைப்பினம்."

என் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. அலுவலகத்தில் யார் எதைக் கேட்டாலும் முதலில் இல்லை என்று சொல்லிப் பழகிய ஆட்கள் நாங்கள். தமிழ்ப் பள்ளியில் யாருக்கும் சம்பளம் கிடையாது. அதையே ஒரு குற்றமாக நினைத்து அந்த மனுஷி மறைக்கப் பார்த்தார்.

பிரிங்க்மனுக்கு விஷயத்தை விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு கதிரையை இழுத்து ஜெசிந்தாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினார். "சம்பளம் வாங்காமல் செய்வது இங்கே கௌரவப் பணி. அதற்கு நன்றிதான் சொல்வார்கள். உங்களை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள்."

"மெய்யாவோ அக்கா?" என்று என்னைப் பார்த்தார் ஜெசிந்தா.

"மெய்தான். இருங்கோ."

கற்பிப்பவர் என்ற முறையில் அவருக்கே அட்டை கொடுக்க, பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒரு உறுதிக் கடிதம் கேட்டோம். சனிக்கிழமை அவர் கார் மூடியில் வைத்தே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த கிழமை அட்டை அடித்து நீட்டினேன். "என்ர பேரிலயோ?" என்று கேட்டுவிட்டு, மச்சாளின் பிள்ளைகளுக்கு இதைக் காட்டவே மாட்டேன் என்று சிரித்தார்.

4. தொலைபேசியில் ஒரு பெண்

இணைய வாசகர்களிடம் ஒரு குறை, அவர்கள் கவுண்டருக்குத் திரும்பி வருவதில்லை. கோடை விடுமுறையில் தமிழ்ப் பள்ளியும் பூட்டு. சோதினை என்ன ஆயிற்றென்று கேட்க எனக்குப் பயமாகவும் இருந்தது.

ஒரு காலை தொலைபேசி அடித்தது. கடவுச்சொல் பூட்டிக்கொண்டதாக ஒரு பெண் ஜேர்மனில் சொன்னார். பின்னால் இயந்திர இரைச்சல். அன்று வேலை தலைக்குமேல். நான் எங்கள் நகரத்து ஆட்களின் வேகத்திலேயே விறுவிறுவென்று சொல்லிக்கொண்டு போனேன். அவர் ஒரு தரமும் "என்ன?" என்று கேட்கவில்லை. கடைசியில் பெயரைக் கேட்டேன். சொன்னார்.

"ரீச்சர்! நீங்களோ?"

"ஓம் அக்கா. குரல் தெரியேல்லையோ?"

"சோதினை?"

"பாஸ் அக்கா. ஒக்டோபரில அவுஸ்பில்டுங் துவங்குது. நேர வந்து சொல்லுவமெண்டு இருந்தனான்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிரிங்க்மன் எழும்பி வந்து என்ன என்று கேட்டார். சொன்னேன். எங்கள் கண்டிப்பான மேலதிகாரி கவுண்டரில் நின்றபடி கைதட்டினார். வரிசையில் நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இன்று அந்த மேசையில் இருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வெளியூர் ஆள் வந்தால் எங்கே இருக்கிறீர்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். இந்த நகரத்துக்கு எதற்கு வந்து போகிறீர்கள் என்றும் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். பயந்த ஆளாக இருக்கலாம். ஒரு கதிரையைப் போட்டு, மெதுவாக இன்னொரு தரம் கேளுங்கள்.