அம்மாவின் வேனுக்கு ஒரு ஆப்

டயாலிசிஸ் மையத்துத் தாதி, நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுகிறவர், என்னிடம் கேட்டது சின்ன உதவிதான். முன்னறைக் கணினியில் அந்த வாரம் ஒவ்வொரு நாளும் வரவேண்டிய நோயாளிகளின் பெயர்களை அவர் தட்டுவார். அது நோயாளிகளை ஏற்றிவரும் மையத்து வேனின் ஓட்டுநர் அண்ணனின் கைப்பேசியில் தெரிய வேண்டும். அதுவரை அவர் வெள்ளைப் பலகையில் பெயர்களை எழுதி, அதைப் படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். காலை வணக்கப் படங்களுக்கும் சாமி படங்களுக்கும் நடுவில் அந்தப் பலகை எங்கேயாவது புதைந்துவிடும். ஒருமுறை அண்ணன் போன வாரத்துப் படத்தைப் பார்த்துக்கொண்டு போய், ஒரு பெரியவரை அவர் குடியிருக்கும் தோட்டத்திலேயே ஏற்றாமல் விட்டுவிட்டு வந்திருக்கிறார். “நீங்க கம்ப்யூட்டர் வேலதானே செய்றீங்க, உங்க அம்மாவும் இந்த வேன்லதானே வர்றாங்க” என்றார் மிஸ்ஸி. எனக்கு மறுக்க வாய் வரவில்லை.

அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டு நான்கு வருடமாகிறது. திங்கள், புதன், வெள்ளியில் கோல சிலாங்கூர் டவுனுக்குப் போய் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். நான் இருப்பது காரில் முக்கால் மணி நேரம் தள்ளி, புஞ்சாக் ஆலாமில். அம்மாவோ தோட்டத்து லயத்தை, அந்த வரிசை வீட்டை, விட்டு வரமாட்டேன் என்று ஒரே பிடியாக நிற்கிறார். ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் ஏறும், கால் வீங்கும், அதற்குமேல் மூச்சு முட்டும். அதனால் அந்த வேன் எனக்கு வெறும் வேன் இல்லை. அது லயத்து முனையில் வந்து ஹாரன் அடிக்கிற பத்து மணி தாண்டும்வரை நான் என் மேசையில் எந்த வேலையையும் உருப்படியாகச் செய்ததில்லை.

இப்படிப்பட்ட ஒருத்தியிடம் போய் ஆப் கட்டச் சொன்னால் என்ன ஆகும்? அவள் எதைக் கொண்டு கட்டுவது என்று யோசிக்க ஆரம்பித்தாள். ஐந்து வாரம் யோசித்தாள்.

எனக்கு ஒரு பழைய சூடு உண்டு. ஷா ஆலாமில் ஒரு நிறுவனத்தில் இருந்தபோது, கிடங்குப் பணியாளர்களுக்கு ஓர் ஆப் கட்டினோம். எந்த ஃபிரேம்வொர்க்கை, ஆப் கட்டும் கருவித் தொகுப்பை, வைத்துக் கட்டலாம் என்று கூட்டத்தில் கேட்டபோது, புதிதாக வந்து எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருந்த ஒன்றைச் சொன்னவள் நான்தான். மூன்று வருடத்தில் அதைச் செய்தவர்கள் இனி கவனிக்கமாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத எட்டு மாதம் பிடித்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் “அப்ப யாரு இத செலக்ட் பண்ணா?” என்று கேட்டுவிட்டு, ஞாபகம் வந்ததும் பேச்சை மாற்றுவார்.

அதனால் இம்முறை ஓர் அட்டவணை போட்டேன். மையத்துக் கணினி ஒரு கிழம், இரண்டு மூன்று சன்னல்கள் திறந்தாலே மூச்சு வாங்கும். இணையப் பக்கத்தையே மேசைக்கணினி ஆப் போல மூட்டை கட்டித் தரும் கருவி ஒன்று எனக்குக் கைவந்தது. ஆனால் அது ஒவ்வொரு ஆப்புக்குள்ளும் ஒரு முழு உலாவியைத் திணித்துவிடும், அந்தக் கணினி தாங்காது. கணினிக்குத் தனியாகவும் கைப்பேசிக்குத் தனியாகவும் எழுதினால் இரண்டும் வேகமாக ஓடும். ஆனால் ஒரே காரியத்தை இரண்டு மொழியில் இரண்டு முறை எழுத வேண்டும், பிழையும் இரண்டு இடத்தில் குடியேறும். இன்னொன்று ஒரே எழுத்தில் இரண்டுக்கும் ஆகும், வேகமும் உண்டு, ஆனால் அது ஒரு பெரிய நிறுவனத்தின் கையில் இருந்தது. அவர்கள் நாளைக்கே மனம் மாறினால்? சமூகமாகச் சேர்ந்து வளர்க்கும் ஒன்றையும் பார்த்தேன். அதில் கடைசி மாற்றம் எப்போது நடந்தது, எத்தனை பேர் பங்களிக்கிறார்கள், கேள்வி கேட்டால் எத்தனை நாளில் பதில் வருகிறது என்று தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் அதில் எந்த அசைவும் இல்லாமல் போனபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அதன் முக்கிய ஆள் விடுமுறைக்குப் போயிருந்தார்.

என் கணவர் ஒருநாள் தோளுக்குப் பின்னால் நின்று அந்த அட்டவணையைப் பார்த்தார். குலம், கோத்திரம், வயசு, சொத்து, கெட்ட பழக்கம் எல்லாம் விசாரித்தாயிற்றா, ஜாதகம் மட்டும்தான் பாக்கியா என்று கேட்டார். நமக்குக் கல்யாணம் பேசியபோதுகூட உன் வீட்டில் இவ்வளவு விசாரிக்கவில்லையே என்றார். அப்போது விசாரித்திருக்க வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து வருடம் கழித்து இந்தக் கருவி உயிரோடு இருக்குமா என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு ஐந்து வருடம் என்று எந்த டாக்டரும் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கவில்லை. அது தெரிந்தும் என்னால் அந்தக் கவலையை விட முடியவில்லை. கருவியைப் பற்றிக் கவலைப்பட்டால் தேடிப் படிக்க ஏதாவது இருந்தது.

மிஸ்ஸி ஒவ்வொரு வாரமும் நாசூக்காகக் கேட்பார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பேன். அவர் இன்னமும் பலகையைப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்.

கடைசியில் ஒரே ஒரு காரணம் முடிவு செய்தது. எங்கள் பக்கத்தில் பாமாயில் தரும் செம்பனைத் தோட்டங்களுக்குள் நுழைந்தால் கைப்பேசிக்கு லைன், அதாவது சிக்னல், கிடைக்காது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் திரையில் ஒரே ஒரு கோடு, லயத்துக்கு வந்தால் அதுவும் இல்லை. ஆகவே லைன் இல்லாவிட்டாலும் பட்டியலைத் தன்னிடம் வைத்திருந்து, திறந்ததும் காட்டுகிற ஆப்தான் வேண்டும். அந்தப் பெரிய நிறுவனத்துக் கருவியில் அதைச் செய்வது எளிதாக இருந்தது. துணிந்து அதையே எடுத்தேன். எழுத ஆரம்பித்தபின் பத்தே நாளில் முடிந்துவிட்டது. ஐந்து வாரம் நான் எதற்குப் பயந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அண்ணனின் கைப்பேசியில் நானே ஏற்றிக் கொடுத்தேன். அவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், முன்பு செம்பனைக் குலை லோரி ஓட்டியவர். இந்த வட்டாரத்தில் எந்த லயத்தில் எந்தக் கதவுக்குப் பின்னால் எந்த நோயாளி இருக்கிறார் என்று அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். கைப்பேசியை என்னிடம் கொடுக்கும்போது கொஞ்சம் கூச்சப்பட்டார். வண்டி ஓட்டும்போது டேட்டாவை அடைத்துவிடுவேன், இல்லாவிட்டால் கண்ட படமும் வந்து டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருக்கும், காசும் கரையும் என்றார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. இதற்காகத்தானே ஐந்து வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

“டேட்டா வேணாம்ணே. அடச்சு வச்சிருந்தாலும் இது ஓடும்” என்றேன்.

முதல் வாரம் ஒரு குறையும் இல்லை. மிஸ்ஸிக்கு வாயெல்லாம் பல். அம்மா வேனில் வரும் எல்லோரிடமும் என் மகள் செய்தது என்று சொல்லியிருக்கிறார். மையத்தில் ஊசி போடும்போதும் சொல்லியிருக்கிறார். எனக்கு மட்டும் நிம்மதி இல்லை. கருவியின் புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றலாமா, ஏற்றினால் உடையுமா, ஏற்றாவிட்டால் பின்தங்கிவிடுமா என்று அதிலேயே கிடந்தேன்.

இரண்டாம் வாரம் இது நடந்தது. எங்கள் பக்கத்து நோயாளிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று வந்தால் தங்களுக்குள் பேசி நாளை மாற்றிக்கொள்வார்கள். எனக்கு உன் சனிக்கிழமையைக் கொடு, என் வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொள் என்று. பிறகு மிஸ்ஸியிடம் சொல்வார்கள், அவர் தலையில் அடித்துக்கொண்டே மாற்றித் தருவார். பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவருக்கு ரவாங்கில் சனிக்கிழமை ஒரு கல்யாணம். அம்மா தன் வெள்ளிக்கிழமையை அவருக்குக் கொடுத்துவிட்டுச் சனிக்கிழமையை வாங்கிக்கொண்டார். மிஸ்ஸி வியாழன் மதியமே அதைக் கணினியில் மாற்றிவிட்டார். வெள்ளிக்கிழமை அந்த அக்காவை அவர் மகனே கொண்டுவந்து விட்டான்.

புதனுக்கு அப்புறம் சனி. அம்மாவுக்கு அது நீண்ட இடைவெளி. ஞாயிற்றுக்கிழமை மையம் கிடையாது. சனியும் தவறினால் திங்கள்வரை ஐந்து நாள்.

சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு மிஸ்ஸி என்னைக் கூப்பிட்டார். அம்மா வரவில்லை, பதினொன்றரைக்கு அவரைக் கூப்பிட்டபோது வேன் வந்துகொண்டிருக்கிறது என்று அம்மாவே சொன்னாராம், ஆனால் வேன் எப்போதோ வந்துவிட்டது, அதில் அம்மா இல்லை என்றார். நான் அம்மாவைக் கூப்பிட்டேன். லைன் போகவில்லை. எப்படிக் காரை ஓட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் சத்தமாக ஏதோ வேண்டிக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

லயத்து முனையில் இருக்கும் சிமெண்டுத் திண்டில் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் பை, பைக்குள் போர்வை. பத்து மணியிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறார். செருப்புக்குள் கால் அடங்கவில்லை. வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் “நீ ஏம்மா வந்த, வேன் வந்துரும்” என்றார். பேசி முடிக்க அவருக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

காரில் மையத்துக்குக் கொண்டுபோனபோது மிஸ்ஸி ஓர் இயந்திரத்தையும் நாற்காலியையும் பிடித்து வைத்திருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் வைத்து, இயந்திரத்தைப் பூட்டினார்கள். நான் வெளியே போய் அண்ணனைப் பார்த்தேன். அவர் கைப்பேசியை எடுத்து என்னிடம் நீட்டினார். வியாழன் காலைக்குப்பின் அவர் டேட்டாவைத் திறக்கவே இல்லை. ஆப் தன்னிடமிருந்த பழைய பட்டியலை, நான் எழுதிக் கொடுத்தபடியே, கண்ணிமைக்கிற நேரத்தில் காட்டியது. அது எப்போது வாங்கிய பட்டியல் என்று எங்கேயும் போடவில்லை. அட்டவணையில் பதினான்கு பத்திகள் வைத்த எனக்கு அது தோன்றவில்லை.

அவருக்கு அம்மா சனிக்கிழமை வருவார் என்று தெரியும். வெள்ளிக்கிழமை அவர் ஹாரன் அடித்தபோது, நாளைக்குத்தான் வருவேன் தம்பி என்று அம்மா சொல்லியிருக்கிறார். “நெஞ்சுல இருந்துச்சும்மா. ஆனா போன்ல அவங்க பேரு இல்ல. மிஸ்ஸி மறுபடி மாத்திட்டாங்கன்னு நெனச்சிட்டேன்” என்றார். கண் கலங்கியிருந்தது. டேட்டா வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

உள்ளே போனபோது அம்மாவுக்கு முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. வேன் வராவிட்டால் பத்தே நிமிடத்தில் அண்ணனைக் கூப்பிட்டு உலுக்கி எடுக்கிறவர் அவர். திண்டிலிருந்து பத்தடி தள்ளிப்போய் நின்றால் லைன் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். மிஸ்ஸியின் அழைப்பையே அங்கே நின்றுதான் எடுத்திருக்கிறார். பிறகு ஏன் கூப்பிடவில்லை, மிஸ்ஸியிடம் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், பயத்தில் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். அம்மா குழாய் பூட்டிய கையை அசைக்காமல், மற்றக் கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“நான் கூப்ட்டா, நீ செஞ்சதுல கொறைன்னு ஆயிரும்லம்மா. எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.”

எழுந்து கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அன்று மாலையே ஆப்பைத் திருத்தினேன். பட்டியல் வாங்கிய நாளும் நேரமும் இப்போது மேலே பெரிய எழுத்தில் இருக்கும். அது இன்றையது இல்லையென்றால் பெயர்களே தெரியாது, மிஸ்ஸியைக் கூப்பிடு என்று மட்டும் சிவப்பில் வரும். எந்தக் கருவியாக இருந்தாலும் அரைமணி நேர வேலை அது. அண்ணனிடம், போனில் என்ன இருந்தாலும் உங்களுக்குத் தெரிந்தபடி ஹாரன் அடியுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அம்மாவிடம், வேன் ஒரு நிமிடம் தாமதித்தாலும் கூப்பிட்டு என் மகள் செய்தது சரியில்லை என்று சொல்லுங்கள் என்றேன். சரி சரி என்றார்.

அவர் சொல்லமாட்டார். அதனால் திங்கள், புதன், வெள்ளியில் வேன் தோட்டத்தைத் தாண்டி லைன் கிடைக்கிற நேரம் பார்த்து நானே அவரைக் கூப்பிடுகிறேன். ஏறிவிட்டேன் என்கிறார். போனை அண்ணனிடம் கொடுங்கள் என்கிறேன்.