சுகம் என்று தொடங்கிய பத்தொன்பது கடிதங்கள்

மனு எழுதுகிறவனிடம் யாரும் நல்ல செய்தியோடு வருவதில்லை. நல்ல செய்திக்கு மனு எதற்கு?

மலாயாவில் வெள்ளைக்காரன் கொடி இறங்கிய புதிதில், மலாக்கா பட்டணத்து துணிக்கடை ஒன்றின் முன்னால், அஞ்சடி என்று நாங்கள் சொல்லும் நடைபாதையில், மேசையும் டைப்ரைட்டரும் போட்டு உட்கார்ந்திருந்தேன். நடந்து போகிறவர்களெல்லாம் என் முழங்காலில் இடித்துவிட்டுத்தான் போவார்கள். ஊரிலிருக்கும் பெற்றோரை வரவழைக்க மனுப் போடுகிறவர்களால்தான் என் அடுப்பு பாதி எரிந்தது. அரசாங்க ஆபீஸ் பெஞ்சில் காலை முழுக்கக் காத்திருந்து, கடைசியில் ‘நாளைக்கு வா’ என்ற வார்த்தையோடு வீடு திரும்பியவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான். உட்காருங்கள், மாரிமுத்துவின் கதையைச் சொல்கிறேன்.

பாதி அனுமதி

மாரிமுத்து அதே பட்டணத்தில் காஜா பெராங் பகுதியில் குடியிருந்த லாரி டிரைவர். அவனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது, மகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டு வருகிறோம் என்று அவனைச் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் முசிறிப் பக்கம் சொந்த ஊருக்குக் கப்பலேறினார்கள். பின்னாலேயே யுத்தம் வந்தது. கப்பல் நின்றது. மறுபடி கப்பல் ஓடத் தொடங்கியபோது அவர்களிடம் காசு இல்லை. காசு சேர்ந்தபோது சட்டம் மாறியிருந்தது. அப்பா முகமே தனக்குச் சரியாக நினைவில்லை என்று அவன் சொன்னபோது, நான் டைப்ரைட்டரைப் பார்த்துக்கொண்டேன்.

நான் எழுதிக்கொடுத்த மனு நன்றாகத்தான் போனது, வைத்தியச் சோதனை வரைக்கும். சென்னையில் அம்மா தேறிவிட்டார். அப்பாவின் நெஞ்சுப் படத்தில் ஒரு நிழல் தெரிந்தது. காசநோயோ என்று சந்தேகம். அவர் ஆரோக்கியமாக இருந்தவர் என்பதற்கு ஆதாரம் காட்டு என்று இங்குள்ள ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. அம்மாவையாவது முதலில் வரவழைத்துவிடு என்றேன். அவன் ஏற்கெனவே எழுதிக் கேட்டிருந்தான். அம்மாவின் பதிலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான்: “அந்த மனுசன விட்டுட்டு நான் மட்டும் அங்க வந்து யார் மூஞ்சியப் பாக்குறது?”

பிஸ்கட் டின்

மறுநாள் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தான். உள்ளே யுத்தம் முடிந்தபின் அப்பா எழுதிய பத்தொன்பது கடிதங்கள். ஒன்று விடாமல் எல்லாம் ‘இவ்விடம் அனைவரும் சுகம், அவ்விடம் உங்கள் சுகமறிய அவா’ என்றுதான் தொடங்கின. இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று அவன் கேட்டான். கேட்டவனைச் சொல்லிக் குற்றமில்லை. இருபது வருஷம் மனு எழுதிய நான் அல்லவா யோசித்திருக்க வேண்டும்? சோம்பேறித்தனம், வேறென்ன! ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரியை மட்டும் மொழிபெயர்த்துத் தட்டினேன். அசலையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன்.

அதைக் கையில் வாங்கியவன் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. சொன்னான்: “எங்கப்பாரு பொய் சொல்ல மாட்டாருங்க, ரைட்டரய்யா.”

கதிரேசனின் கேள்வி

ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா, கதிரேசன் பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் தங்கிவிட்ட காஜா பெராங் செட்டி குடும்பத்துக்காரர். நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் மலாய்தான் வரும். தமிழ் வாசிக்கத் தெரியாததால் கடிதங்களை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்திருக்கிறார். அந்த மனிதர் என்னைப்போல் முதல் வரியோடு நிறுத்துகிறவர் அல்ல. ஏழாவது கடிதம் இப்படிப் போனது: ‘இவ்விடம் அனைவரும் சுகம். உன் பெரியப்பா சென்ற வெள்ளிக்கிழமை காலமானார். சிவப்புப் பசுவும் போய்விட்டது. எனக்குப் பனிக்கு இருமல், கவலைப்படாதே.’

கதிரேசன் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நல்ல மனிதர், திட்டவில்லை. அந்த நிழல் பழைய நோயின் தழும்பாக இருந்தால் டாக்டர் விட்டுவிடுவார். இருமல் எப்போது வந்தது, எப்போது போனது என்று கிழவர் உள்ளபடி எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்து இன்னொரு படம் எடுத்து, நிழல் வளராமல் இருந்தால் சரி என்று விளக்கினார். நான் எழுந்து வாசல்வரை போனதும், ஆள் செத்தும் எல்லாரும் சுகமா என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு மலாயில் கேட்டார்: “ஓராங் மாத்தி பூன், செமுவா பாய்க்?”

சுகம் இல்லாத கடிதம்

சுகம் என்றெல்லாம் வேண்டாம், உள்ளதை எழுதுங்கள் என்று மாரிமுத்து அப்பாவுக்கு எழுதினான். நான் சொல்லித்தான் எழுதினான். இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் பறந்து வந்தார். அவர் பின்னால் உட்கார்ந்து நான் போய்ச் சேர்ந்தபோது காஜா பெராங் வீட்டில் கூட்டம். அவன் மனைவி செல்லம்மா தலைவிரிகோலமாக அழுதுகொண்டிருந்தாள். மாரிமுத்து சுவரோடு சாய்ந்திருந்தான். நடுவே கடிதம் கிடந்தது. பிரித்ததும் முதல் வரியில் சுகத்தைக் காணவில்லை. சுகம் இல்லாமல் நம்மவர் எழுதுவது சாவுக் கடிதம் ஒன்றுதானே? அதற்குமேல் யாரும் படிக்கவில்லை.

நான் எடுத்துப் படித்தேன். ‘மகன் மாரிமுத்துவுக்கு. நீ கேட்டபடி உள்ளதை எழுதுகிறேன். மலாயாவில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் எட்டு வருஷம் வேலை செய்தேன். அங்கேதான் இருமல் பிடித்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தேன். நீ அப்போது கைக்குழந்தை. இப்போது காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை, பனிக்கு மட்டும் இருமுகிறேன். அம்மாவுக்கு ஒரு கண் மங்கிவிட்டது. சொன்னால் நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய் என்று இத்தனை நாள் எழுதவில்லை.’ மாரிமுத்து இப்போதுதான் அழத் தொடங்கினான். செல்லம்மா கண்ணைத் துடைத்துக் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, ஊரிலிருக்கும் மாமனார்மேல் பாய்ந்தாள்: “உசுரோட இருக்குற மனுசன் இப்படியா கடுதாசி போடுவாரு?”

தோட்டத்துப் பதிவு

கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தத் தோட்டத்துக்கே போனோம். ஆஸ்பத்திரியின் பழைய நோட்டுகளில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. மீதிப் பாதியில் அப்பா பெயரும், ஒரு மாதம் படுத்திருந்த கணக்கும், குணமாகி வெளியேறினார் என்ற குறிப்பும் இருந்தன. நகல் எடுத்துக் கதிரேசனிடம் கொடுத்தோம். இந்த வியாதியை எதற்கு நாட்டுக்குள் விட வேண்டும் என்று ஆபீஸில் ஒருவர் முணுமுணுத்தார். மாரிமுத்து அதுவரை அங்கே வாய் திறந்ததே இல்லை. அன்று திறந்தான்: “இருமல எங்கப்பாரு இங்க கொண்டாரலீங்க, இங்கேருந்துதான் கொண்டுபோனாரு.”

மேசைக்கு வந்தவர்

ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் நிழல் இருந்த இடத்திலேயே, இருந்த அளவிலேயே இருந்தது. டாக்டர் விட்டுவிட்டார். கப்பலிலிருந்து இறங்கியபோது, கல்யாணப் புடவையில் சுற்றிய நெஞ்சுப் படத்தை அம்மா யாரிடமும் கொடுக்காமல் மார்போடு அணைத்து வந்தாராம். அப்பா முகத்தை அடையாளம் தெரியாமல் மாரிமுத்து தடுமாறி நிற்க, இருமல் சத்தம் கேட்டுத்தான் கண்டுபிடித்தானாம்.

அடுத்த வாரம் வெற்றிலை பாக்கோடு அப்பாவை என் மேசைக்கு அழைத்து வந்தான். மெலிந்த, நெட்டையான மனிதர். எழுந்து கும்பிட்டு, “சுகமா இருக்கீங்களா?” என்று கேட்டேன். அவர் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டைப்ரைட்டரையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “ஊருக்குச் சொல்றதச் சொல்லவா, ஆபீசுக்குச் சொல்றதச் சொல்லவா?”

அன்றுமுதல் எந்த மனுவிலும் சுகத்தை நான் சாட்சிக்கு இழுத்ததில்லை. ஆனால் முதுகு பிடித்து நிமிர முடியாத நாளிலும், ஊரிலிருக்கும் என் அம்மாவுக்கு இவ்விடம் அனைவரும் சுகம் என்றுதான் எழுதுகிறேன்.