அந்தப் பெயரில் நான்கு பேர் இருந்தார்கள்

போன வருடம் மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பதே முக்கால் மணி இருக்கும். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மாவட்ட நிருபர்கள் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தகவல் வந்தது. போட்டவர் சிதம்பரத்து நிருபர், என் நண்பர். முதலில் ஒரு பெயர். அடுத்து, 'சார் சற்று முன் சிதம்பரத்தில் காலமானார். மாரடைப்பு. விவரம் பின்னர்.'

நான் ஒரு நாளிதழுக்குக் கடலூரில் நிருபராக இருக்கிறேன். பதினேழு வருடம் ஆகிறது. செய்தியில் ஒருவரின் வயது தப்பாக வந்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவன் செய்த காரியத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. சிதம்பரம் கோயிலைச் சுற்றியுள்ள ஊர்களில் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு மூன்று பையன்களுக்கு இருக்கும் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரில் எங்கள் மாவட்டத்தில் நான்கு பிரபலங்கள் இருந்தார்கள். பிச்சாவரம் அலையாத்திக் காட்டைப் பற்றியே வாழ்நாளெல்லாம் ஆராய்ச்சி செய்து ஓய்வு பெற்ற பேராசிரியர். மாநில அணிக்கு ஆட்களைத் தயார் செய்து அனுப்பிய வாலிபால் கோச். ஒரு நாகஸ்வர வித்வான். ஒரு கண் டாக்டர். பேராசிரியரும் வித்வானும் சிதம்பரம், மற்ற இருவரும் கடலூர்.

பொங்கலுக்கு முன்னால் இந்த நால்வரையும் சிதம்பரம் கீழ வீதியில் ஒன்றாக நிற்க வைத்துப் படம் எடுத்து, ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம் எழுதியவன் நான்தான். ஒருவருக்கு வரும் அழைப்பு இன்னொருவருக்குப் போன கதைகளைச் சொல்லிச் சிரித்தார்கள். கண் ஆபரேஷனுக்குத் தேதி கேட்டுப் பேராசிரியருக்கு போன் வருமாம். கல்யாணத்துக்கு வாசிக்க வரச் சொல்லி கோச்சுக்கு வருமாம். "நான் விசில்தாங்க ஊதுவேன், பரவாயில்லையான்னு கேட்டேன். வச்சிட்டாங்க" என்றார் கோச். வித்வான் விடவில்லை. "போட்டோக்காரருக்கு இன்னிக்கு வேலை சுலபம். ஒரு தடவை பேரைக் கூப்புட்டா நாலு பேரும் திரும்பிடுவோம்" என்றார். பேராசிரியர் மட்டும் நடுவில் ஒரு மாத்திரை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இதயத்துக்கு என்று சொன்னார். இதை நான் கவனித்து வைத்திருந்தேன். கவனிப்பதுதானே என் தொழில்.

மொட்டை மாடியில் நின்று நான் போட்ட கணக்கு இதுதான். இறந்தது சிதம்பரத்தில். மாரடைப்பு. பேராசிரியர் சிதம்பரம், இதய நோயாளி. உறுதி செய்துகொள்ள அவர் எண்ணுக்கே அழைத்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

சாவுச் செய்திக்கு வீட்டுக்கு போன் செய்வதில் நிருபர்களான எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. 'செய்தி உண்மையா?' என்று கேட்க மாட்டோம். சாவு விழுந்த வீட்டில் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை என்று நினைப்போம். முதலில் வருத்தம் சொல்வோம். பிறகு வயது, பிள்ளைகள், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்ற விவரம். படத்தை அனுப்பி வைத்ததில் பேராசிரியர் மனைவியின் எண் என்னிடம் இருந்தது. அழைத்தேன்.

"அம்மா, வணக்கம். பொங்கலப்ப படம் எடுத்தோமே, அந்த நிருபர் பேசுறேன். ஐயா மறைவு எங்களுக்கெல்லாம் பெரிய வருத்தம்மா. எத்தனை மணிக்கு எடுக்குறாங்கன்னு தெரிஞ்சா நல்லாருக்கும்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடங்கின குரலில் அந்த அம்மாள் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எங்க வச்சிருக்காங்க?"

பிறகு ஏதோ தரையில் விழுந்து உடையும் சத்தம். தொடர்பு அறுந்துவிட்டது.

அவருக்குத் தெரியாது. நான்தான் முதலில் சொல்லியிருக்கிறேன். அந்த அதிர்ச்சியிலேயே நின்றுகொண்டிருந்தபோது குழுவில் அடுத்த தகவல் வந்தது. இந்த முறை படத்தோடு. கழுத்தில் விசில் தொங்க, நீல டிராக் சூட்டில் கோச். காலையில் சிதம்பரத்தில் ஆள் தேர்வுக்கு வந்தவர் மைதானத்திலேயே சாய்ந்துவிட்டாராம். நால்வரில் வயது குறைந்தவர் அவர். படம் எடுத்த அன்று படியில் இறங்கும்போது பேராசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டவர்.

பேராசிரியரின் மனைவியைத் திரும்ப அழைத்தேன். போகவில்லை. குழுவில் உண்மையைப் போட்டுச் சிதம்பரத்துக்காரர்கள் யாரையாவது உடனே ஓடச் சொல்லியிருக்கலாம். அத்தனை நிருபர்களும் பார்ப்பார்களே என்று யோசித்தேன். முழுதாக ஒரு நிமிடம் யோசித்தேன். அந்த ஒரு நிமிடத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பிறகு குழுவில் எதுவும் போடாமல், தகவல் போட்ட நண்பரைத் தனியாக அழைத்துச் சொன்னேன்.

"இன்னா மச்சான் பண்ணி வச்சிருக்க! அந்தம்மா தனியா வேற இருப்பாங்களே. பையன் பெங்களூருல இல்ல?" என்று கத்தினார். "நான் ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். அஞ்சு நிமிஷத்துல அவுங்க வீட்டுக்குப் போறேன். நீ கெளம்பி வா."

பேராசிரியர் ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பிச்சாவரம் போவார் என்பது நினைவுக்கு வந்தது. படகுத் துறையில் டீக்கடை வைத்திருக்கும் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரை அழைத்தேன்.

"காலையிலயே உள்ள போயிட்டாருங்க. போனை ஆஃப் பண்ணி எங்கிட்டதான் குடுத்துட்டுப் போனாரு, தண்ணியில விழுந்துடுமாம். நல்லாதான் இருக்காரு. இன்னா ஆச்சு?"

ஒரு படகை அனுப்பி அவரை உடனே கூட்டி வரச் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது நண்பர் அழைத்தார்.

"மச்சான், நம்ப மாட்டேங்குறாங்க."

எனக்குப் புரியவில்லை. பைக்கை ஓரம் கட்டினேன்.

"ஐயா உசுரோட இருக்காரு, செத்தது வேற ஆளுன்னு பத்து தடவை சொல்லிட்டேன். தலையாட்டுறாங்களே தவிர நம்பல. நீயே பேசு."

போனை அந்த அம்மாளிடம் கொடுத்தார். நடந்த தவறை வரிசையாகச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைத் தேற்றுவது போலச் சொன்னார்.

"சரிப்பா. நீங்க எல்லாம் இப்படித்தான் சொல்லுவீங்க. எங்க அப்பா போனப்ப எங்கம்மாவுக்கு லேசா மயக்கம்னுதான் சொன்னோம். என் வாயாலதான் சொன்னேன். பையன் வந்து சேர்ற வரைக்கும் எங்கிட்டயும் சொல்ல மாட்டீங்க. எனக்குத் தெரியும். எங்க வச்சிருக்காங்கன்னு மட்டும் சொல்லுங்க."

வெயிலில் நின்றேன். எங்கள் பக்கத்தில் சாவை யாரும் வீட்டுப் பெண்களிடம் நேராகச் சொல்வதில்லை. ஒண்ணும் இல்லை, நல்லாதான் இருக்கார், கெளம்பி வாங்க என்றுதான் சொல்வார்கள். அவர் நன்றாக இருக்கிறார் என்று நாங்கள் எத்தனை தடவை சொல்கிறோமோ அத்தனை தடவை அவர் சாவது உறுதியாகிக்கொண்டே போனது. நான் சொன்ன பொய்யை அந்த அம்மாள் நம்பிவிட்டார். இப்போது உண்மைக்கு அங்கே இடமில்லை.

பதினொன்றேகாலுக்கு அந்த வீட்டை அடைந்தேன். தெருவில் செருப்புகள் சேர ஆரம்பித்திருந்தன. யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள். கூடத்தில் சுவரோரம் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் கையில் தண்ணீரோடு இருந்தார். உடைந்த செல்போன் ஜன்னல் திட்டில் இருந்தது. அந்த அம்மாள் அழவில்லை. வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தையும் பார்த்தார். அதில் அவர் என்ன படித்தார் என்று தெரியாது. நான் குற்றவாளி முகத்தோடு நின்றேன். துக்க முகத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

"ரொம்ப மரியாதையா பேசுனீங்க தம்பி" என்றார். "விளையாட்டுக்குப் பேசுறவங்க அப்படிப் பேச மாட்டாங்க. அதான் கேட்டதுமே விளங்கிடுச்சு."

அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை. நன்றாகச் செய்தாய் என்பது போலத்தான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது டீக்கடைக்காரரிடமிருந்து அழைப்பு வந்தது. "இதோ சார் கரைக்கு வந்துட்டாரு, குடுக்கறேன்." நான் ஒன்றும் பேசாமல் என் போனை அந்த அம்மாளின் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் பேராசிரியரின் குரல் என்ன சொன்னதோ, எனக்குக் கேட்கவில்லை. அந்த அம்மாளின் முகம் அப்படியே இருந்தது. சட்டென்று கத்த ஆரம்பித்தார்.

"போனை எதுக்கு ஆஃப் பண்ணி வக்கிறீங்க? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? உங்களுக்கு அந்தச் செடிதான் ஜாஸ்தியா போச்சு, நாங்கள்லாம் மனுஷங்க இல்ல! அங்கயே இருங்க. வராதீங்க!"

கூடம் முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. என் போனை மடியில் போட்டார். அதற்கப்புறம்தான் அழுதார்.

பேராசிரியர் வந்து இறங்கும்போது முழங்கால் வரை சேறு. தெருவே எதிர்கொண்டது. ஆயுசு கெட்டி சார் உங்களுக்கு என்றார் ஒருவர். உங்க நாற்காலியில நீங்களே உக்காருங்க சார் என்றார் இன்னொருவர். காபி வந்தது. என்னையும் தட்டிக்கொடுத்தார்கள். எனக்கும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சிரிப்பு வந்தது. பேராசிரியர் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்போ செத்தது யாரு?"

அத்தனை பேரில் யாருக்கும் அதை அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தார். சேற்றுக் காலோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"போன ஞாயித்துக்கிழமைகூட பேசுனாரே. நீங்க படம் எடுத்ததுலேர்ந்து வாராவாரம் பேசுவாரு. நடக்கச் சொல்லுவாரு என்னை." பிறகு டம்ளர்களைப் பார்த்துவிட்டு, "இங்க எல்லாரும் காபி குடிக்கிறோம்" என்றார்.

அந்த அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அவுங்க வீட்டம்மாவுக்குச் சொல்லியாச்சா?"

நண்பர் தயங்கினார். கோச்சின் மனைவி திருவதிகை கோயிலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாராம். உறவுக்காரர்கள் காரில் அழைத்து வருகிறார்களாம். "மைதானத்துல மயங்கிட்டாரு, குளுகோஸ் ஏத்துறாங்கன்னு சொல்லி வச்சிருக்காங்க" என்றார்.

அந்த அம்மாள் எழுந்தார். புடவையைக்கூட மாற்றவில்லை. "என்னை அங்க கூட்டிட்டுப் போங்க."

ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் அந்தக் கார் வந்தது. கோச்சின் மனைவி இறங்கினார். அரக்கு நிறப் பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. கையில் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை. உறவுக்காரர்கள் எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள். படம் எடுத்த நாளில் அவரும் வந்திருந்ததால் என்னை அடையாளம் தெரிந்தது. நேராக என்னிடம் வந்தார்.

"வந்திருக்கீங்களா சார்? எப்படி இருக்காரு? கண்ணு முழிச்சிட்டாரா?"

நல்லாதான் இருக்காரு என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. சத்தியமாக வந்தது. அதற்குள் பேராசிரியரின் மனைவி என்னை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். அதுவரை பார்த்தே இராத அந்தப் பெண்ணின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"அவரு போயிட்டாரும்மா. காலையிலயே. மைதானத்துலயே. வலி ஜாஸ்தி இல்லையாம்."

சுற்றி நின்றவர்களில் ஒருவர், "இன்னாம்மா நீங்க, மெதுவா சொல்ல வேணாமா?" என்று கோபமாகக் கேட்டார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோளில் சாய்ந்தவரைத் தாங்கிக்கொண்டு உள்ளே நடந்தார். பேராசிரியர் பின்னால் போனார். தாம்பூலப் பை வாசலிலேயே கிடந்தது. எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன்.

கோச்சைப் பற்றிய செய்தியை அன்று மாலை நான்தான் எழுதினேன். பதினான்கு வரி. ஒரு பிழை இல்லை. வீட்டுக்கு போன் செய்யும் வழக்கத்தையும் அன்றோடு மாற்றிக்கொண்டேன். ஆனால் அந்த வாசலை நினைக்கும்போது இன்றைக்கும் மனதில் வந்து நிற்பது காலையில் செய்த தவறு மட்டும் அல்ல. செய்தி சொல்வதையே பிழைப்பாகக் கொண்ட நான் ஒரு பெண்ணிடம் சொல்லக் கூடாததைச் சொன்னேன், இன்னொரு பெண்ணிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லத் துணியாமல் நின்றேன், அதைச் சொல்ல அன்று காலை இரண்டு மணி நேரம் விதவையாக இருந்த ஒருவர்தான் வர வேண்டியிருந்தது.