சாமியை மறைத்து நின்றேன்

சனிக்கிழமை காலை எழுந்ததும், பல் துலக்கும் முன்பே, மடிக்கணினியைத் திறந்து நாற்பது படக்குறிப்புகளிலும், சாமி சிலையைக் குறிக்கும் 'ஐடல்' (idol) என்ற சொல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். விழுந்திருந்தது. கோயில்களில் உள்ள மண் உருவங்களைப் பற்றிய படப் புத்தகம். ஆங்கிலக் குறிப்புகள் என்னுடையவை. அட்டையில் என் பெயர் வரப்போகும் முதல் புத்தகம். தலைப்பிலும் அதே சொல்; பதிப்பாளருக்கு மிகவும் பிடித்துவிட்டது. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. படங்களை வைத்தே எழுதியவள், ஒருமுறையாவது நேரில் பார்த்துவிடலாமே என்று கிளம்பினேன்.

காந்திபுரத்தில் 7.10க்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணமில்லை. கருமத்தம்பட்டிக்கு ஒரு மணி நேரம். அங்கிருந்து கோயிலுக்கு ஆறு கிலோமீட்டர். போய், காத்திருந்து, திரும்பிவர ஆட்டோவுக்கு 300 ரூபாய்.

வேலியைத் தாண்டியதும் கால் நின்றுவிட்டது. மண்ணால் ஆன மனிதர்கள், மாடுகள், கைக்குழந்தைகள், தனியாக ஒரு கால். நூற்றுக்கணக்கில், வரிசை வரிசையாக. சில நேற்று வெள்ளையடித்தவை. சில மழையில் முகம் கரைந்து பாதி மண்ணாகிவிட்டவை. முன்வரிசையில் ஒரு மண் மனிதரின் முன்னால் போய் நின்று கை கூப்பினேன்.

"ஏனுங்க அம்மணி, அவரையா கும்புடறீங்க?" ஆட்டோக்காரர் செல்வராஜ் சிரித்துவிட்டார். "அவரு தறிக்காரருங்க. முதுகுவலிக்கு வேண்டிக்கிட்டு வெச்சது. நீங்க கும்புட்டது தெரிஞ்சா அப்பறம் அவரைக் கையில புடிக்க முடியாதுங்க."

"அப்ப இது சாமி இல்லைங்களா?"

"சாமி உங்களுக்குப் பின்னாலங்க. இது உருவாரம். வேண்டிக்கிட்ட ஆளுக்குப் பதிலா நிக்கறது. அந்த மூணாவது, எங்கூட்டுப் புள்ளைங்க. வலிப்பு நின்னு நாலு வருசமாச்சு." கொஞ்சம் தயங்கினார். "சித்த தள்ளி நில்லுங்க அம்மணி. புள்ளைக்குச் சாமி மறைக்குது."

திரும்பினேன். வேப்பமரத்தடியில் நட்டு வைத்த ஒரு கல். அவ்வளவுதான். அத்தனை கண்களும் என்னைத் தாண்டி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. புத்தகத்துக்குப் படம் எடுத்தவரும் நான் நின்ற இடத்தில்தான் நின்றிருக்க வேண்டும். அதனால்தான் படத்தில் எல்லாம் நம்மைப் பார்க்கின்றன, எல்லாம் சாமியாகிவிட்டன.

ஆங்கிலச் செய்தித்தாளில் கருவறையில் இருப்பது ஐடல், திருடுபோய் மீட்கப்படுவது ஐடல், சதுர்த்தி முடிந்து குறிச்சிக் குளத்தில் கரைப்பதும் ஐடல். கும்பிடப்படுவதற்கு அந்தச் சொல் போதும் என்றே வைத்துக்கொள்வோம். கும்பிட்டுக்கொண்டு நிற்பவர்களுக்கு? விலகிப்போய், செல்வராஜின் மகளாக நிற்கும் அந்த மூன்றாவது உருவாரத்தின் பக்கத்தில், அவள் பார்க்கும் திசையில் நின்றேன். பத்து நிமிடம் இருக்கலாம். செல்வராஜ் ஹாரன் அடிக்கவில்லை.

போகிறவர்கள் ஒன்பது மணிக்குள் போங்கள், அப்புறம் வெயில். தண்ணீர் கொண்டுபோங்கள், பக்கத்தில் கடை இல்லை. உடைந்ததை எடுத்து நிமிர்த்தாதீர்கள்; அது மண்ணோடு மண்ணாகப் போக வேண்டியது. படம் எடுப்பதென்றால் பக்கவாட்டில் நில்லுங்கள்.

திங்கட்கிழமை தலைப்பையும் நாற்பது குறிப்புகளையும் மாற்றச் சொல்லப்போகிறேன். ஆங்கிலத்திலும் 'உருவாரம்' என்றே இருக்கட்டும். முடியாது என்றால், அட்டையிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்வேன். இந்த முடிவை வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை.